திரைக்கும் நமக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டர்

ஒவ்வொரு டிசம்பர் மாதமும் சென்னை ராயப்பேட்டையில் ஒரு காட்சியைக் காணலாம். பன்னாட்டுத் திரைப்பட விழாவின் மாலைக் காட்சி முடிந்து அரங்கில் விளக்குகள் எரிகின்றன. படத்தின் இயக்குநர் திரைக்கு முன்னால் வந்து நிற்கிறார். கேள்வி - பதில் தொடங்கும் அந்த நேரத்தில் ஒரு சிலர் மட்டும் ஓசைப்படாமல் எழுந்து வெளியேறுகிறார்கள். படம் பிடிக்காமல் போகிறவர்கள் அல்லர் அவர்கள். ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் செல்லும் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள். பருத்திப்பட்டில் வசிக்கும் நானும் அவர்களில் ஒருவன். கேட்க நினைத்த கேள்வியை ரயிலில் அசைபோட்டபடியே வீடு வந்து சேர்வது எனக்குப் பழகிவிட்டது.

இது முதியவர் ஒருவரின் சொந்தக் குறையாகத் தோன்றலாம். ஆனால், இதற்குள் ஒரு பொருளாதாரக் கேள்வி இருக்கிறது. பெருந்திரளை நோக்கி எடுக்கப்படாத படங்களும் காலத்தால் பழையவையாகிவிட்ட நல்ல படங்களும் ஆண்டுக்கு ஒரு வாரம், நகரின் ஒரு மூலையில் மட்டும் கிடைப்பது ஏன்? அவற்றைப் பார்க்க ஆள் இல்லை என்பதாலா? அல்லது, ஆள் இருந்தும் அவர்களைப் படத்துடன் சேர்த்துவைக்கும் ஏற்பாடு இல்லை என்பதாலா? இரண்டாவதே உண்மை என்பது என் கருத்து.

இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் என்னும் திரைப்படக் கழகம் தமிழக அரசின் உதவியுடன் நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுத் திரைப்பட விழா, 2003-ஆம் ஆண்டில் தொடங்கியது. பல நாட்டுப் படங்களும் தமிழ்ப் படங்களும் ஏறத்தாழ எட்டு நாள்களுக்குத் திரையிடப்படுகின்றன. இதைத் தவிர, தமிழ் ஸ்டுடியோ போன்ற அமைப்புகள் சுயாதீனப் படங்களுக்காகத் திரையிடல்களை நடத்துகின்றன. நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியில் பி.கே. ரோசி பெயரில் ஒரு திரைப்பட விழா நடக்கிறது. வெளிநாட்டுத் தூதரகங்களைச் சார்ந்த பண்பாட்டு மையங்கள் தத்தம் நாட்டுப் படங்களை அவ்வப்போது காட்டுகின்றன. இவையெல்லாம் பாராட்டத்தக்க முயற்சிகள். ஆனால், இவை பெரும்பாலும் நடைபெறும் இடங்களைப் பாருங்கள்: ராயப்பேட்டை, ஆழ்வார்ப்பேட்டை, நுங்கம்பாக்கம், வடபழனி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் பெயர்கள் இந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது.

ஆயிரத்தில் ஒருவர்

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னைப் பெருநகரத் தொகுப்பில் சுமார் 86.5 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். வணிகக் கவர்ச்சி ஏதுமற்ற ஒரு நல்ல படத்தைப் பார்க்க ஆயிரத்தில் ஒருவர் மட்டுமே விரும்புவார் என்று வைத்துக்கொள்வோம். இது ஓர் எடுத்துக்காட்டுக்கான எண்ணிக்கைதான். அப்படியானாலும் அந்தப் படத்துக்கு 8,650 பார்வையாளர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் படம் வழக்கமான முறையில் பத்துத் திரையரங்குகளில் ஒரு வாரத்துக்கு வெளியாகிறது என்று கொள்வோம். நாளுக்கு நான்கு காட்சிகள் வீதம் மொத்தம் 280 காட்சிகள். 8,650 பேரும் தவறாமல் வந்தாலும் ஒரு காட்சிக்கு 31 பேர்தான் அமர்ந்திருப்பார்கள். 400 இருக்கைகள் கொண்ட அரங்கில் 31 பேர் என்றால், மின்கட்டணத்துக்கே போதாது என்று திரையரங்க உரிமையாளர் சொல்வார். மூன்றாம் நாளே படத்தை எடுத்துவிடுவார். அவர்மீது குறை சொல்ல முடியாது.

இதே 8,650 பேரை ஒரே அரங்குக்கு, குறிப்பிட்ட காட்சிகளுக்கு வரச் செய்தால் என்ன ஆகும்? 21 காட்சிகள் அரங்கு நிறையும். படம் அதே படம். மக்கள் அதே மக்கள். சிதறிக் கிடந்த விருப்பத்தை ஓரிடத்தில் திரட்டியதுதான் வேறுபாடு. திரைப்பட விழா என்பது கலைஞர்களின் கொண்டாட்டம் மட்டுமன்று, சிதறிய தேவையை ஒன்றுதிரட்டும் ஒரு சந்தை ஏற்பாடும் ஆகும். கிராமத்தில் நாள்தோறும் கடை வைக்க முடியாத வணிகர்கள் வாரச் சந்தையில் கூடுவதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை.

இப்போது அதே கணக்கை ஆவடிக்குப் பொருத்துவோம். 2011-இல் ஆவடியின் மக்கள்தொகை சுமார் 3.45 லட்சம். ஆயிரத்தில் ஒருவர் என்றால் 345 பேர். ஒரு படத்தை ஒரு வாரம் ஓட்ட இந்த எண்ணிக்கை போதாது. ஆனால், ஒரு நடுத்தர அரங்கை ஒரே ஒரு முறை நிரப்ப இது போதும். இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. நம் திரையரங்கத் தொழில் வாரக் கணக்கில் விற்கிறது. புறநகருக்குத் தேவைப்படுவதோ ஒற்றைக் காட்சி. வாரச் சந்தையை நகரின் நடுவில் மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் வாங்குவோர் இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமைத் தீர்ப்பு

சில பண்டங்களை வாங்குவதற்கு முன்பே அவற்றின் தரத்தை அறிந்துகொள்ளலாம். சிலவற்றை நுகர்ந்த பிறகுதான் அறிய முடியும். இந்த வேறுபாட்டை ஃபிலிப் நெல்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1970-இல் விளக்கினார். திரைப்படம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பார்த்தவர் சொல்லித்தான் பார்க்காதவருக்குத் தெரியவரும். நட்சத்திர நடிகரின் படத்துக்கு இந்தத் தடை இல்லை. நடிகரின் பெயரே அறிமுகம். பெயர் அறியாத இயக்குநரின் படத்துக்கு வாய்மொழிப் பரிந்துரை மட்டுமே துணை. அது பரவ ஓரிரு வாரங்கள் தேவை. இன்றைய தொழில்முறையிலோ வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தின் தலைவிதி ஞாயிறு இரவுக்குள் எழுதப்பட்டுவிடுகிறது. நல்லவிதமான பேச்சு நம் தெருவை எட்டும்போது படம் அரங்கில் இருப்பதில்லை.

கட்டண முறையும் இதற்குத் துணைபோகிறது. தமிழகத்தில் பல்திரை அரங்குகளுக்கான உயர்ந்தபட்சக் கட்டணம் 2017 அக்டோபரில் வரி நீங்கலாக 150 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பார்வையாளர் நலனைக் காக்க உச்சவரம்பு தேவை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், பல நூறு கோடியில் எடுத்த படத்துக்கும் சில லட்சங்களில் எடுத்த படத்துக்கும் நடைமுறையில் ஒரே கட்டணம் என்றாகும்போது, விலை எந்தப் படத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. அரங்க உரிமையாளர் தலைகளை மட்டுமே எண்ணுகிறார். தின்பண்ட விற்பனையும் வாகன நிறுத்தக் கட்டணமும் தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை என்பதால், அந்த எண்ணிக்கையின் முக்கியத்துவம் மேலும் கூடிவிடுகிறது. சிறிய படத்துக்குக் கிடைப்பது வேலைநாளின் காலைக் காட்சி. அதைப் பார்க்கக்கூடியவர்கள் அந்த நேரத்தில் பணியிடத்தில் இருக்கிறார்கள்.

விளைவுகள் நம் கண் முன்னே இருக்கின்றன. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மை விருதான புலி விருதை வென்றது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. மதுரை வட்டாரத்தின் வறண்ட நிலத்தில் ஒரு தந்தையும் மகனும் நடக்கும் அந்தக் கதையைத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் பொதுமக்கள் பார்க்கவே முடியவில்லை. 2023 அக்டோபரில் அது நேரடியாக இணையத் தளத்தில் வெளியானது. அதே இயக்குநரின் அடுத்த படமான 'கொட்டுக்காளி' பெர்லின் விழாவில் இடம்பெற்று, 2024 ஆகஸ்டில் திரையரங்குகளுக்கு வந்தது. பின்னணி இசையே இல்லாத அந்தப் படத்தைக் கண்டு வழக்கமான பார்வையாளர்களில் ஒரு சாரார் குழம்பினர். விழாக்களுக்கு உரிய படத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்ற குரல் திரைத்துறைக்குள்ளிருந்தே எழுந்தது.

அந்தக் குரலை முற்றிலும் புறந்தள்ள முடியாது. சண்டையும் பாட்டும் எதிர்பார்த்து வந்தவருக்கு அது ஏமாற்றமே. ஆனால், அந்தப் படத்தை விரும்பியிருக்கக்கூடிய ஒருவர் அதே ஆவடியில் இருந்திருப்பார். அவருக்கு அது ஓடுவதே தெரிந்திருக்காது. தவறான ஆள்களிடம் படம் சென்று சேர்ந்தது, சரியான ஆள்களிடம் சேரவில்லை. விழா என்னும் ஏற்பாடு செய்வது இந்தப் பொருத்தத்தைத்தான்.

'எல்லாம்தான் கைப்பேசியில் கிடைக்கிறதே' என்று ஒரு கேள்வி எழக்கூடும். கிடைப்பவை கிடைக்கின்றன என்பதே சரியான விடை. எதை வாங்குவது, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை இணையத் தளங்கள் தம் வணிகக் கணக்கின்படி முடிவுசெய்கின்றன. சந்தா கட்டும் குடும்பத்திலும் ஆளுக்கொரு திரையில் ஆளுக்கொரு படம். இருட்டில் முந்நூறு பேர் ஒன்றாக அமர்ந்து, நடுவில் நிறுத்தாமல் ஒரு படத்தைப் பார்த்து, வெளியே வந்து தேநீர்க் கடையில் அதைப் பற்றி வாதிடுவது வேறொரு நுகர்வு. அதற்கு மாற்றுப் பண்டம் இல்லை.

நம்மிடம் இருந்த மரபு

பழைய படங்களைத் தேர்ந்து மீண்டும் திரையிடுவதை மேலை நாட்டு வழக்கம் என்று நினைக்கிறோம். பாரிஸ் நகரில் ஹென்றி லாங்லுவாவும் அவருடைய நண்பர்களும் 1936-இல் தொடங்கிய சினிமாதெக் ஃபிரான்சேஸ் அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனால், நம் டூரிங் டாக்கீஸ்களும் ஊரக அரங்குகளும் செய்துவந்தது வேறென்ன? நகரில் ஓடி முடித்த படங்கள் பல ஆண்டுகள் கழித்து அங்கே வந்தன. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை மணல் தரையில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு அவை எந்த ஆண்டில் வெளியானவை என்பது பொருட்டாகவே இருந்ததில்லை. நகர அரங்குகளின் பகல் காட்சியும் பழைய படங்களுக்கு அடைக்கலம் தந்தது. அந்த ஏற்பாட்டில் திட்டமிட்ட தேர்வு இல்லை. ஆனால், ஒரு தலைமுறையின் படத்தை அடுத்த தலைமுறை பெரிய திரையில் பார்க்கும் வழி இருந்தது. தொலைக்காட்சியும் நிலத்தின் விலையும் சேர்ந்து அந்த வழியை மூடின.

வழி மூடினாலும் விருப்பம் மறையவில்லை. 1964-இல் வெளியான 'கர்ணன்' எண்மமுறையில் சீரமைக்கப்பட்டு 2012-இல் மீண்டும் வந்தபோது நூறு நாள்களைத் தாண்டி ஓடியது. 2004-இல் வந்த 'கில்லி' 2024-இல் மறுபடி வெளியாகி அரங்குகளை நிறைத்தது. இவை நட்சத்திரங்களின் படங்கள் என்பது உண்மைதான். ஆயினும், பழைய படத்தைப் பணம் கொடுத்துப் பார்க்க ஆள் வருவார்கள் என்பதை இவை மெய்ப்பித்திருக்கின்றன. நட்சத்திரம் இல்லாத பழைய படங்களைத் தாங்கிப்பிடிக்கத்தான் ஆள் இல்லை.

தாங்கிப்பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் வரலாறு கடுமையாகவே சொல்லியிருக்கிறது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். இன்று அது இல்லை. 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. மௌனப் படங்களில் நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) தப்பிப் பிழைத்து, புணேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. திரையிடப்படும் வாய்ப்பே இல்லாத படச்சுருளைக் குளிர்பதன அறையில் காக்க எந்தத் தயாரிப்பாளரும் பணம் செலவிட மாட்டார். திரையிடலும் பாதுகாப்பும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது மக்கள் முன் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பழைய படத்துக்கு ஒரு மதிப்பு உண்டாகும்.

இங்கே இரண்டு படங்களைக் குறிப்பிட வேண்டும். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), நடுத்தர வர்க்கப் பெண்ணொருத்தி சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்கிறது. செழியனின் 'டு லெட்', சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தின் கதை. அது 2019-இல் திரைக்கு வந்தது. இரண்டுமே சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றவை. பருத்திப்பட்டு, திருவேற்காடு, பட்டாபிராம் பகுதிகளில் இன்று வாழ்கிறவர்களில் மிகப் பலர் யார்? நகரின் வாடகையும் மனை விலையும் மேற்கு நோக்கித் தள்ளிவிட்டவர்கள். வங்கிக் கடனுக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் நடுவே அல்லாடி ஒரு கூரையை எழுப்பியவர்கள். அந்த இரண்டு படங்களும் அவர்களைப் பற்றியவை. யாருடைய வாழ்க்கை திரையில் இருக்கிறதோ, அவர்களுடைய ஊருக்கு மட்டும் அந்தத் திரை வரவில்லை. இதைவிடப் பெரிய பகிர்வுக் குறைபாட்டை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

வரிச் சலுகை யாருக்குப் போனது?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து 2006-இல் முழு விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் 2011-இல் அதற்குக் கூடுதல் நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். அதன் விளைவை ஆராய வேண்டும். வரி என்பது வசூலில் ஒரு விழுக்காடு. எனவே, வரிவிலக்கும் வசூலில் ஒரு விழுக்காடுதான். நூறு கோடி வசூலித்த படம் அதற்கேற்ற பெருந்தொகையைப் பெற்றது. பத்து லட்சம் வசூலித்த படம் சில்லறையைப் பெற்றது. திரையரங்கே கிடைக்காத படம் ஒன்றும் பெறவில்லை. உதவி தேவைப்படாதவருக்கு அதிகமும், தேவைப்பட்டவருக்குக் குறைவுமாகச் சென்ற மானியம் அது.

2017-இல் சரக்கு - சேவை வரி வந்த பின் அந்த விலக்கு முடிவுக்கு வந்தது. இப்போது நூறு ரூபாய் வரையிலான நுழைவுச் சீட்டுக்கு 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடும் வரி. இதைத் தவிர, உள்ளாட்சி அமைப்புகளுக்கான கேளிக்கை வரி தனி. இந்த வரிகளின் ஒரு சிறு பகுதிகூடச் சிறிய படங்களின் திரையிடலுக்கு என்று ஒதுக்கப்படுவதில்லை.

பிரான்சு இதை வேறு வழியில் அணுகியது. அங்கே விற்கும் ஒவ்வொரு திரைப்பட நுழைவுச் சீட்டிலும் 10.72 விழுக்காடு தனியாக வசூலிக்கப்பட்டு, 1946-இல் உருவாக்கப்பட்ட தேசியத் திரைப்பட மையத்துக்குச் செல்கிறது. ஹாலிவுட் படத்தின் சீட்டும் இதற்கு விலக்கு இல்லை. அந்தப் பணம் உள்நாட்டுப் படத் தயாரிப்புக்கும், கலைப் படங்களைத் தொடர்ந்து காட்டும் சிறு நகர அரங்குகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பெரிய படம் சிறிய படத்துக்கு இடம் ஒதுக்கித் தரும் ஏற்பாடு இது. நம்முடைய பழைய வரிவிலக்கு இதற்கு நேர்மாறான திசையில் சென்றது.

நாம் பிரான்சு அளவுக்குச் செல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள கேரளத்தைப் பார்த்தாலே போதும். அடூர் கோபாலகிருஷ்ணனும் அவருடைய நண்பர்களும் 1965-இல் 'சித்திரலேகா' திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார்கள். அதைப் பின்பற்றிச் சிற்றூர்கள் வரை திரைப்படக் கழகங்கள் பரவின. 1996-இல் தொடங்கிய கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழா அந்த விளைநிலத்தில்தான் வேரூன்றியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், தன் வெள்ளி விழாவைத் திருவனந்தபுரத்தில் மட்டும் நடத்தாமல் கொச்சி, தலச்சேரி, பாலக்காடு ஆகிய ஊர்களுக்கும் கொண்டுசென்றது கேரளம். விழா இடம்பெயர முடியும் என்பதற்கு இதுவே சான்று.

இன்னும் பழைய சான்றும் உண்டு. இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952-இல் பம்பாயில் தொடங்கியது. அதோடு நிற்காமல் சென்னைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் பயணம் செய்தது. கனமான படச்சுருள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு நாட்டின் நான்கு திசைகளுக்கும் சென்ற விழா அது. இன்று ஒரு திரைப்படம் கையடக்கமான வன்தட்டில் அடங்கிவிடுகிறது. ஆனால், ராயப்பேட்டையிலிருந்து ஆவடிக்கு அதனால் வர முடியவில்லை.

இரண்டாவது வாரம்

செய்யக்கூடியது என்ன? விழாவின் எட்டு நாள்கள் முடிந்த பின், தேர்ந்தெடுத்த பத்துப் படங்கள் அடுத்த வாரம் புறநகர்களுக்குச் செல்லட்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று இடங்களில் நாளுக்கு ஒரு மாலைக் காட்சியும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு காட்சிகளும் போதும். தொழிற்பேட்டையிலும் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் முறைப் பணியில் இருப்பவர்கள் ஞாயிறன்று வருவார்கள். கல்லூரி மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மற்ற நாள்களில் வருவார்கள்.

சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. விழாக்களில் காட்டப்படும் வெளிநாட்டுப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருப்பதில்லை. பதிவுசெய்த உறுப்பினர்களுக்கு மட்டும் காட்ட மத்திய அரசு விலக்கு அளிக்கிறது. எனவே, முதல் ஆண்டில் தணிக்கைச் சான்று பெற்ற தமிழ் மற்றும் பிற இந்திய மொழிப் படங்களோடு தொடங்கலாம். அவற்றிலேயே ஓராண்டுக்கு அல்ல, பத்தாண்டுகளுக்குப் போதுமான செல்வம் இருக்கிறது. இரண்டு பழைய படங்கள், எட்டுப் புதிய படங்கள் என்ற கலவை பொருத்தமாக இருக்கும்.

இலவசமாகக் காட்ட வேண்டாம். கட்டணம் 50 ரூபாய் என்று வைப்போம். 200 பேர் வந்தால் 10,000 ரூபாய். அதில் பாதியை உரிமைத் தொகையாகப் படைப்பாளிக்குத் தர வேண்டும். 'சமூகப் பணிதானே' என்று சொல்லி ஏழை இயக்குநரின் படத்தை இனாமாகக் கேட்கும் வழக்கம் நம்மிடையே உள்ள ஒரு கெட்ட பழக்கம். மீதியில் மண்டபமும் கருவியும். பற்றாக்குறையை ஈடுகட்ட, தன் எல்லைக்குள் உள்ள திரையரங்குகளிலிருந்து கிடைக்கும் கேளிக்கை வரியில் ஒரு சிறு பங்கை உள்ளாட்சி அமைப்பே ஒதுக்கலாம். வணிகப் படத்தின் சீட்டு சிறிய படத்துக்குக் கைகொடுக்கும் பிரெஞ்சு முறையின் சிற்றளவு வடிவம் இது. மாநகராட்சியின் வரவு செலவில் இது ஒரு தெருவுக்குத் தார் போடும் தொகையைக்கூட எட்டாது.

'யார் வருவார்கள்?' என்பது அடுத்த கேள்வி. எங்கள் பருத்திப்பட்டு ஏரியையே விடையாகச் சொல்வேன். கழிவுநீர் கலந்து கிடந்த அந்த ஏரியைத் தூர்வாரி, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். அதற்கு முன் அதைச் சுற்றி நடக்க விரும்புகிறீர்களா என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் ஆம் என்றிருப்பார்கள்? இன்று காலையிலும் மாலையிலும் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். வசதி வந்த பிறகே சில விருப்பங்கள் வெளிப்படுகின்றன. (அந்த ஏரிக்கரையிலேயே திரை கட்டலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்; அங்கு வரும் பறவைகளுக்கு இருட்டும் அமைதியும் தேவை. பள்ளி அரங்குகளும் சமுதாயக் கூடங்களும் நமக்குப் போதும்.)

பொருளியல் மாணவர்களுக்குக் குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைக் கற்பிக்கும்போது ஒரு விலக்கையும் சேர்த்துச் சொல்வோம். பசித்தவருக்கு முதல் இட்லி தரும் நிறைவைப் பத்தாவது இட்லி தராது. ஆனால், நல்ல இசையைக் கேட்கக் கேட்க அதன்மீதான நாட்டம் கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை என்று ஆல்ஃபிரெட் மார்ஷல் 1890-லேயே எழுதிவைத்தார். மார்கழிக் கச்சேரிகளை ஆண்டுதோறும் கேட்கும் சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரைப்படத்துக்கும் இது பொருந்தும். முதல் ஆண்டு ஐம்பது பேர் வரலாம். அந்த ஐம்பது பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து மதித்து நடத்தினால் அவர்கள் முந்நூறு ஆவார்கள். முதல் ஆண்டுக் கணக்கைப் பார்த்துக் கடையைக் கட்டிவிட்டால், வெள்ளிக்கிழமைத் தீர்ப்பையே நாமும் எழுதியவர்கள் ஆவோம்.

முன்னுதாரணம் வெளியில் தேட வேண்டியதில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பல ஆண்டுகளாக மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் பயணம் செய்து வந்தார்கள். பின்னர் 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்களை நடத்தத் தமிழக அரசு முன்வந்தது. அதனால் சென்னைப் புத்தகக் காட்சியின் பொலிவு குறைந்துவிடவில்லை. அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. பள்ளியில் நல்ல படம் பார்த்துப் பழகும் மாணவர், வளர்ந்தபின் தன் ஊரில் அதைத் தேடுவார். அப்போது அவருக்கு என்ன வைத்திருக்கிறோம்?

பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று 2024-இல் அரசு அறிவித்தது. செம்பரம்பாக்கம் பக்கம் ஏற்கெனவே பெரும் படப்பிடிப்பு வளாகம் இருக்கிறது. மேற்குப் புறநகர் படங்களை உற்பத்தி செய்யும் இடமாக மாறுவதில் மகிழ்ச்சி. நெல் விளையும் ஊரில் சோறும் கிடைக்க வேண்டும் அல்லவா?

ஆவடிக்கு இந்திய வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான், சோஷலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே நோக்கம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில்தான், மேற்கு வங்க அரசின் நிதியுதவியால் முடிக்கப்பட்ட சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' வெளியானது. பொதுப் பணம் ஒரு கலைப் படைப்பை உருவாக்கியது. அது உலகத்தின் கண்களை இந்தியாவின் பக்கம் திருப்பியது. ஆவடித் தீர்மானத்தின் பொருளாதாரக் கொள்கைகளில் காலத்துக்குப் பொருந்தாதவை பல இருக்கலாம். ஆனால், நன்மைகள் நகரின் நடுவில் தேங்கிவிடக் கூடாது என்ற அதன் உட்பொருள் இன்னும் பழையதாகிவிடவில்லை.

கலங்கரை விளக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் இடையே மெட்ரோ ரயில் பாதை அமைகிறது. அது முழுமையாக இயங்கும்போது எங்களுக்கு நகரம் சற்றுப் பக்கத்தில் வரும். அதுவும் வேண்டும். ஆனால், பார்வையாளர்களைப் படத்திடம் கொண்டுசெல்ல ஆயிரக்கணக்கான கோடிகள் தேவை. படத்தைப் பார்வையாளர்களிடம் கொண்டுவர ஒரு வன்தட்டும், ஒரு மண்டபமும், ஒரு நிர்வாக ஆணையும் போதும். அப்படி ஒரு மாலையில், ஆவடியில் 'வீடு' படம் முடிந்து விளக்குகள் எரியும்போது, ரயிலைப் பிடிக்க யாரும் எழுந்து ஓட வேண்டியிருக்காது. கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தே போகலாம்.